பாண்டியனின் நேர்த்திக்கடன்

காலையில் பல் துலக்கக் கொல்லைப்பக்கம் போனால் மதிலுக்கு மேலே ஒரு கை மட்டும் தெரியும். அந்தக் கையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் நெய் மிதக்கும் பொங்கலோ உதிர்த்த லட்டோ இருக்கும். கைக்கு உடையவர் முகத்தைக் காட்டமாட்டார். "பாண்டிக்கு" என்ற ஒரு சொல் மட்டும் மதிலைத் தாண்டி வரும். பாண்டி என்பது எங்கள் பூனை பாண்டியன். தூத்துக்குடியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நம் ஊரில் பூனைக்கு மீன் தலையை வீசுவோம், அதையும் இரண்டு திட்டோடு சேர்த்து வீசுவோம். திருப்பதியில் அப்படியில்லை. மலைக்குப் போய்வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் மூச்சு விடும் அத்தனை பேருக்கும் பிரசாதம் கொடுத்தாக வேண்டும். எங்கள் தெருவில் தினமும் யாராவது ஒருவர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நாங்கள் திருப்பதிக்குப் போன கதை சின்னது. என் கணவர் நில அளவை அலுவலகத்தில் குமாஸ்தா. சென்னை ராஜதானியில் வேலைக்குச் சேர்ந்தவரைச் சித்தூர் ஜில்லாவில் போட்டார்கள். பிறகு ஜில்லாவே ஆந்திர ராஜ்யத்துக்குப் போயிற்று, அவரும் மேஜை நாற்காலியோடு சேர்ந்து போனார். என் அண்ணன் மாதம் தவறாமல் கடிதம் போடுவான். "திருப்பதி நம்முடையதா, அவர்களுடையதா? அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள், உடனே எழுது." பாண்டியனுக்கு மறுபடியும் வயிறு போகிறது என்று பதில் எழுதுவேன். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய செய்தி எதுவும் இருக்கவில்லை.

பாண்டியன் மழைக்கு ஒதுங்கிய குட்டி. குரல் மட்டும் கம்பீரமாக இருந்ததால் அந்தப் பெயரை வைத்தோம். குரலுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை. எது தின்றாலும் வாந்தி, இல்லாவிட்டால் பேதி. ஒருநாள் ரத்தமாகவே போனதும் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் கூடையை ஒருமுறை பார்த்தார், எனக்குப் பின்னால் வாசலை ஒருமுறை பார்த்தார்.

"மாடு எங்கம்மா?"

"மாடு இல்லைங்க. பூனை."

"பூனை தெரியுதும்மா. மாடு வெளியே கட்டிருக்கீங்களா?"

மாட்டைக் கூட்டி வரும்போது பூனையும் துணைக்கு வந்திருக்கிறது என்றே அவர் கடைசிவரை நினைத்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் நல்ல மனிதர். குடல் புண்ணாகிக் கிடக்கிறது, இது தீராத வியாதி, பார்த்துப் பார்த்து வளர்த்தால் இருக்கும் என்றார். பால், நெய், இனிப்பு எதுவும் நாக்கில் படக்கூடாது. தோலெடுத்த கோழியை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இன்னொரு தடவை ரத்தம் போனால் பிழைக்காது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாண்டியனுக்கு ஒரு சமையல், எங்களுக்கு ஒரு சமையல். சனிக்கிழமைகளில் கோழி வாசனையே வரக்கூடாது என்று வீட்டுக்கார ராஜம்மா அக்கா சொல்லிவிட்டதால் அன்றைக்குப் பாண்டியனும் கஞ்சிதான். சாம்பல் மேட்டில் அவன் போய்வந்த இடத்தைக் குச்சியால் கிளறிப் பார்ப்பது என் காலை வேலை. என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் கேட்கும் கேள்வி, "இன்னைக்கு எப்படிப் போச்சு?" கெட்டியாகப் போயிருந்தால் அந்த வீட்டில் அன்று தீபாவளி. கூடவே வந்த அலுவலக நண்பர் ஒருமுறை அந்தக் கேள்வியையும் என் விரிவான பதிலையும் கேட்டுவிட்டு, காப்பி குடிக்காமலே கிளம்பிப் போனார்.

இத்தனை பாடும் மதிலுக்கு மேலே வரும் ஒரு கையால் வீணாகிவிடும். ராஜம்மா அக்காவிடமே முறையிட்டேன். அவர் நாராயணவனத்துப் பக்கம் பிறந்தவர். அவர் பேசும் தமிழ் எனக்கும் என் தமிழ் அவருக்கும் பாதிதான் பிடிபடும்.

"அக்கா, அதுக்கு நோவு. நெய் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"இன்னாம்மா நீ! நோவு போறதுக்குத்தான் பிரசாதமே. துன்னுட்டு நல்லா ஆயிடும் பாரு" என்று சொல்லி இன்னும் ஒரு விள்ளல் லட்டு கொடுத்தார்.

தூத்துக்குடியாக இருந்தால் மதில் மேல் நின்று தெருவையே ஏசியிருப்பேன். அங்கே நான் பிழைக்கப் போனவள், அதுவும் எல்லைச் சண்டை பத்திரிகையில் கொதித்துக்கொண்டிருந்த சமயம். லட்டை மறுத்தால் அதற்கும் அரசியல் அர்த்தம் வந்துவிடும். யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். அந்த ஊரில் பிரசாதத்துக்கு எதிரே நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், மொக்கு. நாம் நேர்த்திக்கடன் என்கிறோமே, அதை அங்கே அப்படிச் சொல்வார்கள். மறுநாள் கை நீண்டபோது, "பாண்டியன் பேருக்கு மொக்கு இருக்கு. அது முடியறவரைக்கும் நெய்யும் இனிப்பும் தொடமாட்டான்" என்றேன்.

கை அப்படியே பின்வாங்கியது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பாண்டியன் தெருவில் நடந்தால் வழி விட்டார்கள். கண் முன்னால் ஓடிய எலியை அவன் சும்மா விட்டதைப் பார்த்து விரதம் என்றால் இதுவல்லவா விரதம் என்றார்கள். சோம்பேறித்தனம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கோ ரோமம் பளபளத்தது, கன்னம் வைத்தது. என் கணவர் நாளுக்கு நாள் நல்ல செய்தியாகவே கேட்டார்.

எல்லைத் தீர்ப்பு வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம், திருத்தணி இந்தப் பக்கம் என்று பங்கு பிரித்தார்கள். திருத்தணிக் கோப்புகளோடு சென்னை ராஜ்யத்துக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று அலுவலகத்தில் சொன்னதும் என் கணவர்தான் முதலில் கை தூக்கினார். ராஜம்மா அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் அழவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"போறது இருக்கட்டும். பாண்டியோட மொக்கு இன்னா ஆவறது? தீக்காம எல்லை தாண்டினா உங்க குடும்பத்துக்கு ஆவாது. எங்க வூட்டுக்கும் ஆவாது."

மொட்டை போட வேண்டும் என்றார். நான் பதறியதைப் பார்த்துவிட்டு, பெண்கள் கொடுப்பதுபோல மூன்று கத்திரி முடி போதும் என்று இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நாவிதர் வீட்டுக்கே வந்தார். கூடையைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"கடிச்சிக்கினா யாரு பொறுப்பு?"

"மொக்குல கீற பூனை கடிக்காது நைனா, நீ வெட்டு" என்றார் ராஜம்மா அக்கா.

பாண்டியன் கடித்தான். ஆனாலும் முதுகிலிருந்து மூன்று கத்திரி முடி மஞ்சள் துணிக்குள் போய்ச் சேர்ந்தது. கோவிந்தா என்று எல்லாரும் கும்பிட்டார்கள். நான் மூச்சு விட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிண்ணம். லட்டு, பொங்கல், நெய் வழியும் கேசரி. விரதம் முடிந்துவிட்டதல்லவா, பாவம், இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஜீவன். எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. பாண்டியன் மூக்கை நீட்டிக்கொண்டு முதல் கிண்ணத்தைப் பார்த்து நடந்தான்.

அவனைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டேன். "கொடுக்காதீங்க! இதத் தின்னா செத்துப் போயிருவான்!" என்று கத்தினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூனைக்காக இப்படி அழுகிறவளை அந்தத் தெரு பார்த்ததில்லை. ராஜம்மா அக்கா கிண்ணத்தோடு என் அருகில் வந்தார்.

"செத்துப் பூடுமா? இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"நோவுன்னு சொன்னேனே அக்கா."

"நோவு யாருக்குத்தான் இல்ல? சாவுன்னு சொல்லலியே நீ."

அவர் ஒரு விள்ளல் லட்டை எடுத்தார். பாண்டியன் நெற்றியில் மெல்லத் தொட்டு எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். "அவன் பங்க நான் துன்னுட்டேன். சாமிக்குக் கணக்கு தெரியும்." வரிசையாக எல்லாரும் வந்தார்கள். நெற்றியில் தொட்டுத் தாங்களே தின்றார்கள். கடைசியாக நாவிதரும் கடிபட்ட விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து தொட்டுத் தின்றார். பாண்டியன் ஒவ்வொரு கையையும் பின்தொடர்ந்து தலையைத் திருப்பி, கடைசியில் என்னைப் பார்த்துக் கத்தினான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போது திருத்தணியில் இருக்கிறோம். எங்கு பார்த்தாலும் தமிழ்ப் பலகை. சொந்த மண்ணுக்கு வந்தாயிற்று என்று என் கணவர் முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று எதிர்வீட்டு அம்மாள் முருகன் மலைக்குப் போய்விட்டு வந்து, பஞ்சாமிர்தக் கிண்ணத்தைப் பாண்டியன் முன்னால் வைக்கக் குனிந்தார். எனக்குப் பதற்றமே வரவில்லை. ஒரு விரலால் எடுத்தேன், அவன் நெற்றியில் தொட்டேன், என் வாயில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்னாம்மா புதுசா கீது? எந்த ஊரு வழக்கம்?"

"எங்க ஊரு வழக்கம்."

"உங்களுக்கு எந்த ஊரு?"

திருப்பதி என்றேன். உள்ளே முகம் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர் துண்டோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் திருத்திச் சொல்லவில்லை.