தொமியே அக்கா கையை இறக்கிய நாள்

எங்கள் வெந்நீர் ஊற்று விடுதியில் காலை சூப்பின் மணம் கெட்டுப்போனதாக யாராவது குறை சொன்னால், அந்தக் குறையைத் தொமியே அக்காவிடம் போய்ச் சொல்லட்டும். மிசோ என்கிற சோயா விழுது கரைத்த சூப்பைக் கொதிக்கவிடக் கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சமையல்காரன் எனக்குத் தெரியாதா? ஆனால் நான் அடுப்பைத் தணிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் எந்த விருந்தாளியாவது செருப்பை மாட்டுவார். உடனே வாசலிலிருந்து குரல் வரும்.

"கென்ஸோ! கரண்டிய வெச்சிட்டு வெளிய வா!"

விருந்தாளி கிளம்பினால் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று குனிந்து வணங்கி, வண்டி கண்ணுக்கு மறையும்வரை கை ஆட்ட வேண்டும். எங்கள் மலைப்பக்கத்து விடுதிகள் எல்லாவற்றிலும் இது உண்டு. மற்ற இடங்களில் வண்டி பாலத்தைத் தொட்டதுமே ஆளாளுக்கு உள்ளே நழுவிவிடுவார்கள். எங்கள் வாசலின் கொடுமை என்னவென்றால், சாலை ஆற்றை ஒட்டி இறங்கி, பாலத்தைத் தாண்டி, எதிர்மலையைச் சுற்றி ஏறிப் போவது மொத்தமும் அங்கிருந்து தெரியும். வண்டி எறும்பளவு ஆன பிறகும் அக்காவின் கை இறங்காது. எங்கள் கையையும் இறங்க விடமாட்டாள்.

"அவங்களுக்கு நம்ம கை தெரியாதுக்கா."

"கண்ணாடியில பாப்பாங்க."

"இவ்வளவு தூரத்துலயா?"

"பாக்கறாங்களோ இல்லையோ. பாத்தா இங்க ஒரு கை இருக்கணும்."

முதலாளியம்மாகூட இந்த விஷயத்தில் அக்காவிடம் வாயைத் திறக்க மாட்டார். விடுதி அவருடையதுதான், ஆனால் வாசல் அக்காவுடையது.

அக்கா எங்கள் ஊர்க்காரி இல்லை. கடலோரத்தில் கருவாடு காயப்போடுகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷனுக்கும் மாமியாருக்கும் இவள் வாய் ஒத்துவரவில்லை. எனக்கும்தான் ஒத்துவரவில்லை, நான் பொறுத்துக்கொள்ளவில்லையா? ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். கதவு மூடியே இருந்ததாம். "போகாதன்னு சொல்ல வேணாம். போறது ஒரு மனுஷின்னு எட்டிப் பாக்கக்கூடவா ஆள் இல்ல?" என்று ஒரு புத்தாண்டு அன்று சாகே உள்ளே போன தைரியத்தில் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு வாசலில் நின்று முணுமுணுப்பதை ஓரளவு குறைத்துக்கொண்டேன்.

அறைகளைக் கவனிப்பது அக்காவின் வேலை. தேநீர் ஊற்றுவாள், சாப்பாட்டுத் தட்டு தூக்குவாள், படுக்கை விரிப்பாள், இடையிடையே விருந்தாளிகளைத் திட்டுவாள். உடம்பைக் கழுவாமல் தொட்டிக்குள் கால் வைக்கிறவனை, பெரிய கம்பெனி மேனேஜராக இருந்தாலும், கதவுக்கு வெளியே நின்று கத்தியே கரையேற்றிவிடுவாள். எப்படித்தான் தெரியுமோ, தண்ணீர்ச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. குளித்துவிட்டு யுகாதா அங்கியை மாட்டும்போது சிலர் வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்களில் பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவது. அக்கா நடைவழியிலேயே மறித்து, "உயிரோட இருக்கற ஆளுக்கு இடப்பக்கம் மேல வரணும்!" என்று பிரித்துக் கட்டிவிட்டுத்தான் விடுவாள்.

பட்டணத்துப் பிள்ளைகள் ஒரு தடவை திட்டு வாங்கினால் திருந்திவிடுவார்கள். திருந்தாத ஒரே ஆள் சுகவாரா.

சுகவாரா மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கத்து நெல் விவசாயி. மனைவி இறந்துபோனவர். அறுவடை முடிந்ததும் வருடா வருடம் முதுகுவலிக்கு வெந்நீரில் ஊற வருவார். வரும்போது எனக்கு ஒரு மூட்டை புது அரிசி கொண்டுவருவார் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. பேச்சு என்பது அறவே கிடையாது. தினமும் குளித்துவிட்டு வலப்பக்கத்தை மேலே போட்டுக்கொண்டு வந்து நடைவழியில் நிற்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

"நெல்லு நடறதுக்கு வரிசை தெரியுதில்ல? இது மட்டும் ஏன் மண்டையில ஏற மாட்டேங்குது, சுகவாரா சான்?"

அவர் கையைத் தூக்கிக்கொண்டு சிறுபிள்ளைபோல நிற்பார். இவள் திட்டிக்கொண்டே கட்டிவிடுவாள். மற்றவர்களுக்குக் கட்டிவிடுகிற வேகம் இவருக்குக் கட்டும்போது இருக்காது. நான் சமையலறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தவன், சும்மா சொல்லவில்லை.

போன குளிர்காலத்துக்கு முந்தைய வருடம் அவர் வந்தபோது, இதுதான் கடைசி என்றார். டோக்கியோ பக்கம் மகன் வீடு கட்டியிருக்கிறான், அப்பாவுக்கென்று ஓர் அறையும் போட்டிருக்கிறான். வயலைப் பக்கத்துக்காரரிடம் விட்டாயிற்று. அக்கா "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, அன்று மூன்றாம் அறைக்குப் போக வேண்டிய மீனை ஏழாம் அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

"அக்கா, ஏதாவது சொல்லேன் அவருகிட்ட," என்றேன்.

"என்னத்தச் சொல்ல? விருந்தாளி போவாங்க. நாம கை ஆட்டுவோம். நீ உன் முள்ளங்கியப் பாரு."

அவர் கிளம்பிய காலையில் பருவத்துக்கு முன்பே பனி விழுந்திருந்தது. விருந்தாளிகளோடு சின்ன பஸ் புறப்பட்டது. நாங்கள் வரிசையாக நின்று வணங்கிக் கை ஆட்டினோம். பஸ் இறங்கி, பாலத்துக்கு இந்தப் பக்கமே சறுக்கி, பின்சக்கரம் ஓரத்துப் பனியில் புதைந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டியிருக்கவில்லை.

விருந்தாளிகள் நன்றாகவே கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆகவே நாங்கள் கை ஆட்டினோம். சக்கரம் சுற்றியது, பனி பறந்தது, நாங்கள் ஆட்டினோம். முதலாளியம்மா வலக்கை ஓய்ந்து இடக்கைக்கு மாறினார். உள்ளே என் சூப் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஓட்டுநர் எல்லோரையும் கீழே இறக்கினார். மற்றவர்கள் ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். சுகவாரா மட்டும் எங்கள் பக்கம் திரும்பி நின்று குனிந்து வணங்கினார். நாங்கள் குனிந்தோம். அவர் மறுபடி குனிந்தார். கை ஆட்டுகிறவர்களுக்கு முதுகைக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை, நிற்கிறவரை விட்டுவிட்டு உள்ளே போக எங்களுக்கு வழியில்லை. இரண்டு பக்கமும் வசமாக மாட்டிக்கொண்டோம்.

அப்போதுதான் முதலாளியம்மா உதடு அசையாமல் சொன்னார்: "கென்ஸோ, அவர் போட்டிருக்கறது நம்ம அங்கிதானே?"

ஆமாம். குளிருக்கு அறையில் கொடுக்கிற பஞ்சு வைத்த நீள அங்கி. சட்டை பேன்டுக்கு மேலே அதையும் போட்டுக்கொண்டே ஆள் வண்டி ஏறியிருக்கிறார். எங்கள் எல்லோர் கண்ணிலும் அது பட்டிருக்க வேண்டும். விருந்தாளியின் தவறை நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்ட யார் முன்வருவார்கள்?

"அக்கா, நீ போய் வாங்கிட்டு வா," என்றேன்.

"கைய இறக்கிட்டு எப்படிடா போறது?"

"ஆட்டிக்கிட்டே போ!"

போனாள். கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே, ஒற்றை ஆள் ஊர்வலம்போல, பனிச்சரிவில் இறங்கிப் போனாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வண்டிக்கு உதவத்தான் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

அக்கா அவர் மூக்குக்கு நேரே போய் நின்றாள். கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அங்கி," என்றாள்.

சுகவாரா குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். "அட, ஆமா."

"அதுலயும் வலப்பக்கம் மேல! கடைசி நாள்லகூடவா? பிணத்துக்குத்தான் இப்படின்னு எத்தனை வருஷமா கத்தறேன்!"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என் பொண்டாட்டிக்குக் கடைசியா உடுத்திவிட்டது நான்தான், தொமியே சான். எந்தப் பக்கம் யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

நான் மண்வெட்டியை நிறுத்திவிட்டேன்.

"பின்ன ஏன்..."

"சரியாக் கட்டியிருந்தா நீங்க கிட்ட வந்திருப்பீங்களா?"

அந்த மனிதர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்கா கேட்டாள்: "மகன் வீட்டுல அங்கி இருக்கா?"

"இல்ல. பைஜாமாதான் வாங்கி வெச்சிருக்கான். பொத்தான் வெச்சது." அவர் முகம் அழுவதுபோல ஆகிவிட்டது. "அதுல தப்பாப் போட வழியே இல்ல."

சக்கரம் விடுபட்டது. ஓட்டுநர் ஹாரன் அடித்து எல்லோரையும் ஏறச் சொன்னார்.

அக்கா கையை இறக்கினாள். விருந்தாளி கண்ணெதிரே நிற்கும்போது அவள் கை இறங்கி அன்றுதான் பார்த்தேன். இறக்கிய கையால் அவருடைய பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"நடங்க. கால்ல பனி ஏறுது."

மேலே முதலாளியம்மாவும் மற்றவர்களும், நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால், திரும்பி வந்துகொண்டிருந்த இவர்கள் இருவருக்கும் விடாமல் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் எதிர்மலையில் ஏறி மறைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த ஓட்டுநர் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

அன்று காலை சூப் வாயில் வைக்க முடியவில்லை. சுகவாரா இரண்டு கிண்ணம் குடித்தார். பிறகு சமையலறைத் தொலைபேசியில் மகனைக் கூப்பிட்டு, முதுகுவலி இன்னும் விடவில்லை, கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்றார்.

அந்த முதுகு இன்னும் குணமாகவில்லை.