ராயக்கோட்டையிலிருந்து சூளகிரிக்கு ஒரு மாடி பஸ்

காலை ஏழு மணிக்கு மத்திகிரியில் டவுன் பஸ் ஏறினோம், நானும் நூர்ஜஹான் அக்காவும். ஓசூர் பேருந்து நிலையத்தில் மாறி ராயக்கோட்டை வண்டியைப் பிடித்தோம். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியெல்லாம் தக்காளித் தோட்டங்கள், பாலிதீன் கூடாரங்களுக்குள் ரோஜாச் செடிகள். "போறது கவர்மென்ட் பஸ்ஸுல, வாறது நம்ம பஸ்ஸுலக்கா" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. சூளகிரிக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். நூரக்கா அறந்தாங்கிக்காரர். எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் டிபன் கடை வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்து வரும் ஆண்கள் தங்கள் பைக்கின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெண்களான எங்களுக்கு அதுவும் கிடையாது. எட்டு மணி நேரம் நின்ற காலோடு, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சாக்கடை ஓரத்தில் நிற்போம்.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், வண்டியை எடுத்துவிடுங்கள் என்று போன வருடம் சொல்லிவிட்டார்கள். சற்றுத் தள்ளி ஒரு காலிமனை வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் அங்கே கட்டடம் எதுவும் எழுப்பக் கூடாது என்பது மனைக்காரரின் நிபந்தனை. தகர ஷெட் போடலாம் என்றார் அக்கா. அந்தச் சமயத்தில்தான் கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாணத்துக்கு ராயக்கோட்டை போயிருந்த நான், ஒரு மாந்தோப்புக்குள் அந்த மாடி பஸ்ஸைப் பார்த்தேன். எப்போதோ பெங்களூரில் ஓடியது. தோப்புக்காரர் நாராயணப்பா அதை ஏலத்தில் எடுத்து, கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு ஐஸ்கிரீம் கடை போட நினைத்து, நினைத்ததோடு விட்டுவிட்டார். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். கீழே சமையல், மேலே உட்கார இடம் என்று நான் பத்து நாள் பேசி அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். பாதிப் பணம் அவருடையது.

ஒன்பது மணிக்குத் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸை இழுத்துப்போக மாதப்பன் என்பவர் லாரியோடு முன்பே வந்திருந்தார். நாராயணப்பா அவரிடம் கன்னடத்திலும், தன் மனைவியிடம் தெலுங்கிலும், எங்களிடம் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். பஸ்ஸில் எஞ்சின் கிடையாது. பக்கத் தகடுகளில் பச்சை பெயின்ட் உரிந்து தொங்கியது. மேல்மாடி சீட்டுகளில் மாஞ்சருகு முழங்கால் அளவுக்குக் கிடந்தது. சக்கரங்களை மட்டும் முன்தினமே மாற்றி வைத்திருந்தார்கள். இரும்புத் தண்டு பூட்டி லாரி இழுத்ததும், பஸ் நீளமாக முனகிவிட்டு நகர்ந்தது.

அரைக் கிலோமீட்டர்தான் போனோம். ரயில்வே கேட்டுக்கு முன்னால் சாலையின் குறுக்கே உயரமாக ஓர் இரும்புக் கம்பி. மாதப்பன் இறங்கிப் பின்னால் போய், அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, வண்டி போவாது. ஒரு ஜாண் இடிக்குது."

மின்சார ரயில் ஓடும் பாதை அது. மேலே போகும் கம்பியில் எதுவும் உரசிவிடக் கூடாது என்பதற்காக வைத்த அளவுக் கம்பி. நாராயணப்பா தலையைச் சொறிந்தார்.

"நான் கொண்டாந்தப்போ இது இல்லீங்க. அப்போ டீசல் ரயிலு. கரண்டு லைனு பொறவுதானே வந்துச்சு. எனக்குத் தோணவே இல்ல."

வேறு வழி இல்லையா என்று கேட்டேன். மலையைச் சுற்றி ஒரு மண்பாதை இருக்கிறது, அதில் டிராக்டர் போவதே கஷ்டம் என்றார் மாதப்பன். நாராயணப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடறேம்மா. எம்மேலதான் தப்பு" என்றார். நல்ல மனிதர். அந்த நேரத்தில் அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றியது. அக்காவின் பணத்தை என் ஆசைக்காக இழுத்து வந்துவிட்டேனே என்று நினைத்தேன்.

நூரக்கா பஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்தார்.

"மேல் கூரையக் கழட்ட முடியுமா?" என்று மாதப்பனிடம் கேட்டார்.

"ஆளு இருந்தா முடியும்க்கா. ஜன்னலுக்கு மேல அறுக்கணும்."

"கூரைய அறுத்துட்டா அது மாடி பஸ்ஸே இல்லக்கா" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரிக் கேட்டது.

"செல்வி, எனக்கு பஸ்ஸு மேல ஆசையில்ல. அந்தக் கம்பெனிப் புள்ளைங்க உக்காரணும், அவ்வளவுதான். கூரை போனா தகரம் போட்டுக்கலாம். இதை விட்டுட்டுப் போனா, நாளைக்கு அதுங்கள எங்க உக்கார வைப்ப?"

லாரியைத் திருப்பச் சொல்லி மாதப்பனிடம் கை காட்டினேன்.

பஸ்ஸைத் தோப்புக்கே திருப்பிக் கொண்டுபோனோம். ராயக்கோட்டையிலிருந்து வெல்டிங் கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து, சாயங்காலம் வரை அறுத்தார்கள். தீப்பொறி சருகில் பட்டுவிடாமல் நாராயணப்பா ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். கூரையைச் சங்கிலி கட்டி இறக்கியபோது நான் பார்க்கவில்லை. தோப்புக்குள் இருந்த நாராயணப்பா வீட்டு அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அன்றிரவு அவர்கள் வீட்டில்தான் தங்கினோம். ராகிக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிடக் கொடுத்தார்கள். கூரையை ஏற்றிப்போகத் தன் டிராக்டரை வாடகை இல்லாமல் அனுப்புவதாக நாராயணப்பா சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணி. ரயில்வே கேட்டில் வேலை செய்யும் பெண், "மேல யாரும் இருக்கக் கூடாது, எல்லாரும் எறங்குங்க" என்று பஸ்ஸுக்குள் ஏறியே பார்த்துவிட்டுத்தான் விட்டார். அளவுக் கம்பிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வானம் நன்றாகத் தெரிந்தது. தண்டவாளத்தைத் தாண்டி நூறடி போன பிறகு மாதப்பன் வண்டியை நிறுத்தி, "இப்ப ஏறிக்குங்க. எந்திரிச்சு மட்டும் நிக்காதீங்க" என்றார்.

நான் மேலே ஏறினேன். நூரக்காவுக்கு உயரம் என்றால் பயம். லாரியில் மாதப்பனோடு உட்கார்ந்துகொண்டார்.

ராயக்கோட்டையிலிருந்து உத்தனப்பள்ளி வழியாகச் சூளகிரி. இந்தப் பகுதியில் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் கம்பெனி பஸ்ஸின் திரை போட்ட ஜன்னல் வழியாகத்தான், அதுவும் பாதித் தூக்கத்தில். அன்று கூரையே இல்லாத மாடியில் உட்கார்ந்து, ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனேன். கோட்டை மலை பின்னால் மெதுவாகத் திரும்பியது. வேலிகளுக்கு அந்தப்பக்கம் இருந்தவை எல்லாம் தெரிந்தன: கிணற்று மேட்டில் துணி காயப்போடுகிறவர், மொட்டை மாடியில் தலை வாரிக்கொள்கிற பெண், மஞ்சள் சாமந்தி வயல் நடுவே ஒரே ஒரு நாற்காலி. புளியங்கிளைகள் தாழ்ந்த இடங்களில் நான் சீட்டுக்கடியில் குனிந்துகொண்டேன்.

உத்தனப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தினோம். எதிரே வந்த தனியார் பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "மேல் சீட்டு ஃபுல்லா, ஒண்ணு காலியிருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டீக்கடையில் நின்ற கிழங்கு வியாபாரி ஒருவர் பஸ்ஸையும், பின்னால் டிராக்டரில் வந்த கூரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஆக்சிடென்டாம்மா?" என்று வருத்தமாக விசாரித்தார். அப்போதுதான் நூரக்கா முதல்முறை சிரித்தார். சிரிப்பு அடங்காமல் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

சூளகிரி போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. நெடுஞ்சாலைக்குச் சற்று முன்பே, லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பஸ்ஸை விட்டோம்.

அங்கே அது மூன்று மாதம் நின்றது. வேலை முடிந்து நான் தினமும் போய்ப் பார்ப்பேன். பச்சையைச் சுரண்டியபோது அடியில் சிவப்பு வந்தது. அதையே அடிக்கச் சொன்னோம். துருப்பிடித்த அடித்தளத்தை மாற்றினார்கள். மாடிப்படிக் கைப்பிடி மட்டும் பழையதே. தேய்த்ததும் பித்தளை என்று தெரிந்தது. கூரையைத் திரும்பப் பொருத்தும் நாளில், "எப்படியும் ஒட்டத்தானே போறீங்க, ஜன்னல் தூணுங்கள முக்கால் அடி நீட்டி ஒட்டுங்க. புள்ளைங்க குனியாம நடக்கட்டும்" என்றார் அக்கா. அப்படியே செய்தார்கள். இப்போது மேல்மாடியில் என்னைவிட உயரமானவர்களும் நிமிர்ந்து நடக்கலாம். அறுத்த இடத்தில் ஒரு வடு ஓடுகிறது. பெயின்ட் அடித்தும் மறையவில்லை. வேலை முடிந்ததும் பஸ்ஸை இழுத்து வந்து, வாடகைக்கு எடுத்த காலிமனையில் நிறுத்தினோம்.

கடை திறந்த நாளில் முதல் ஷிப்ட் இரண்டரைக்கு விட்டது. பெண்கள் மேலே ஏறி வந்ததும், எல்லோரும் செய்த முதல் காரியம் ஷூவைக் கழற்றியதுதான். விடுதியில் தங்கி வேலை செய்யும் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி, தட்டு வருவதற்குள் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளை எழுப்ப வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவள் எனக்குச் சைகை காட்டினாள்.

கூட்டம் குறைந்த பிறகு நூரக்கா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வண்டிக் கடையில் எப்போதும் நின்றுகொண்டே, மிஞ்சியதை வாயில் போட்டுக்கொள்வார். முன் சீட்டில் உட்காரச் சொல்லி, இரண்டு தோசையும் சட்னியும் கொண்டுவந்து வைத்தேன். கீழே சாலையில் கிருஷ்ணகிரிப் பக்கமும் பெங்களூர்ப் பக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"பயமா இருக்காக்கா?"

"இருக்கு" என்றார். "நீ கீழ பாத்துக்க. நான் கொஞ்ச நேரம் கழிச்சு எறங்குறேன்."

சாயங்காலம் ஓசூருக்கு பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை, வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி திரும்பும்போது குனிந்து பார்த்தேன். மேல்மாடியில் விளக்கு போட்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்த யாரோ இரண்டு பேர், காலை நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.