பொம்மையிடம் செய்யாத ஒன்று

யுத்தம் முடிந்த மறு வருஷம். மஞ்சக்குப்பத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாக்களுக்குப் பயிற்சி தந்துவந்த நர்ஸ் அமராவதிக்குத் தன் பாடத்தின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. துணிப் பொம்மையை மேஜையில் கிடத்தி, "வலி வந்துடிச்சு, என்ன செய்வே?" என்று கேட்பாள். சோப்பு, நகப் பிரஷ், மருந்துத் தண்ணீர். அப்புறம் தாயையும் பிள்ளையையும் தவிர வேறெதையும் தொடக்கூடாது. இதைத் தடங்கலில்லாமல் செய்து காட்டியவர்களில் செல்லாயிதான் முதல். அந்தத் தேர்ச்சியோடு அவள் சிதம்பரத்துப் பிரசவ விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். செல்லாயி கூட இருந்த பிரசவங்களில் இரண்டு தாய்மார்களுக்கு, கை சுத்தமில்லாவிட்டால் வருகிற பிரசவ ஜன்னி கண்டது என்று செய்தி வந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அமராவதிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை ரயிலில் ஏறிவிட்டாள்.

விடுதியை நடத்திய டாக்டர் சாரதாம்பாளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "திங்கக்கிழமை அவள அனுப்பிடப் போறேன். நீ சொல்லிக்குடுத்தது ஒரு மாசம்கூட நிக்கலியே, அமராவதி."

செல்லாயி கதவோரம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் பக்கிரி பாரவண்டியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அமராவதி ஒரு பழந்துணியைப் பொம்மையாகச் சுருட்டி முன்னே வைத்தாள். செல்லாயி அன்று செய்த மாதிரியே செய்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"இவ மறக்கலை, டாக்டர்."

"அப்ப தெரிஞ்சுகிட்டே செய்யல. அது இன்னும் மோசம்."

"நிஜப் பிரசவம் ஒண்ணு பாத்துட்டுச் சொல்றேனே."

மத்தியானம் கிள்ளையிலிருந்து பொன்னி என்ற பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்தார்கள். அமராவதி மூலையில் நின்றுகொண்டாள். செல்லாயி நகம் நகமாகத் தேய்த்துக் கழுவிக் கையை உயர்த்திப் பிடித்தபடி வந்தாள். அப்போது பொன்னி, "அய்யோ, நான் செத்துடுவேன்!" என்று வீறிட்டாள். "தில்லைக்காளி தாயே" என்று முணுமுணுத்த செல்லாயி, ரவிக்கைக்குள்ளிருந்து தாலிக் கயிற்றை இழுத்துக் கண்களில் ஒற்றி, திரும்ப உள்ளே விட்டுக்கொண்டு குனிந்தாள்.

"செல்லாயி, நில்லு! கையக் கழுவு."

"எதயும் தொடலியே நர்சம்மா!"

"கழுவுடி, அப்புறம் பேசு."

பொன்னிக்குப் பெண் பிறந்தது. பிறகு வராந்தாவில் வைத்து நடந்ததைச் சொன்னபோது செல்லாயி முதலில் நம்பவில்லை. மஞ்சளும் வேர்வையும் அடுப்புப் புகையும் ஊறிய கயிற்றைக் குனிந்து பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"கை தானா போவுது நர்சம்மா. அவ பூவும் பொட்டுமா எழுந்திரிக்கணுமேன்னு வேண்டிக்கிறதுதான். எங்க பக்கம் கூட நிக்கிறவ எல்லாம் செய்வா. பொம்மைக்கு யாரு வேண்டிக்குவா?"

அமராவதிக்குச் சிரிப்பு வந்தது; கை தன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டது. அவள் கழுத்திலிருந்து தாலி இறங்கி வெகுகாலமாயிற்று. எதையெல்லாம் தொடக்கூடாது என்று யோசித்து யோசித்துப் பாடம் கட்டியவளுக்குக் கதவும் தலைமுடியும் நினைவுக்கு வந்தன, இது வரவில்லை.

"வேண்டிக்காதேன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றார், கேட்டுக்கொண்டே வராந்தாவுக்கு வந்த டாக்டர்.

"சொன்னா மனசு கேக்கும், கை கேக்காது. முதல்ல வேண்டிக்கட்டும், அப்புறம் சோப்பைத் தொடட்டும்."

"சாமி கும்பிடுறதும் பாடமா?"

"இனிமே அதான் முதல் பாடம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு தடவை பாக்குறேன். கை தவறிச்சோ, திங்கக்கிழமைதான்."

அமராவதி ஊர் திரும்பாமல் தங்கினாள். ஞாயிறன்று அடுத்த பிரசவம். கழுவுமிடத்தில் நின்று செல்லாயி அவசரமில்லாமல் தாலியைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம்தான் சோப்பை எடுத்தாள். உள்ளே பிள்ளைத்தாய்ச்சி அலறியபோது அவளுடைய ஈரக் கை மார்புவரை எழுந்து, அந்தரத்தில் நின்றது.

"முன்னாடியே கேட்டாச்சு தாயே" என்று காளியிடம் சொல்லிவிட்டுச் செல்லாயி குனிந்தாள்.

குழந்தை அழுதது. டாக்டர் வெளியே போகிறபோது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "திங்கக்கிழமை உனக்குக் காலை ட்யூட்டி, செல்லாயி. லேட்டா வந்துடாதே."

செல்லாயி சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் வருவேன்டி. சொல்லாம வருவேன்" என்றாள் அமராவதி.

"வாங்க நர்சம்மா. மூலையில மட்டும் நிக்காதீங்க, பயமா இருக்கு. பக்கத்துல வந்து அவ தலையப் புடிச்சுக்குங்க."