கோச் சொன்னதும் நான் சொன்னதும்

மூன்று வாரமாகச் சனிக்கிழமை காலையில் எனக்கு வேலையில்லை. ரன்னர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன்.

ரன்னர் என்றால்? ஃபுட்டி என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டத்தில் கோச் கோட்டுக்கு வெளியே நின்று சொல்வதை, நடுமைதானம்வரை ஓடிப்போய் ஆடுபவர்களிடம் சொல்பவன். நாற்பத்தெட்டு வயதில், இந்தத் தொந்தியோடு... சிரிக்காதீர்கள். எங்கள் ஊரான பொயிண்ட் குக்கில் மகள் ஆடும் அணிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

கோச்சின் பெயர் கீத். ஒரு காலத்தில் பெரிய லீக்கில் ஆடியவர். தலையில் அடிபட்டு விழுந்தால், மூக்கில் மருந்தைக் காட்டி எழுப்பித் திரும்ப ஆடவிட்ட காலம் அது. எத்தனை தடவை விழுந்தார்? அவருக்கே தெரியாது.

இந்த சீசனில் அவருடைய உத்தரவுகள் ஒரு மாதிரியாகின. மிக் என்பவனைப் பின்னால் போகச் சொல் என்பார். எங்கள் பெண் பிள்ளைகள் அணியில் ஏது மிக்? அவரோடு அந்தக் காலத்தில் ஆடியவராம். நான் ஓடிப்போய், பொருத்தமாக வேறு எதையாவது சொல்லிவிட்டு வருவேன். இரண்டு ஆட்டம் வென்றும்விட்டோம்.

மனைவி நேர்ஸ். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "அந்த மனுசனுக்குச் சுகமில்லையப்பா. கிளப் கமிட்டிக்குச் சொல்லுங்கோ" என்றாள். எப்படிச் சொல்வது? வாத்தியார் கரும்பலகையில் பிழையாக எழுதினாலும், கொப்பியில் மட்டும் திருத்திக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த வகுப்பில் படித்தவன் நான்.

நான் கடைசியாக ஓடிய சனிக்கிழமை, சோஃபி என்ற பிள்ளைக்குத் தலையில் அடி. வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு அன்றைக்கு ஆடவே கூடாது — விதி அது. நான் மறுகோடியில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தபோது, கீத் அவளை உள்ளே அனுப்பிவிட்டார். அடிபட்டது அவருக்கு மறந்துவிட்டது. நான் ஓடி வருவதற்குள் இரண்டாவது அடி.

ஆம்புலன்ஸ் வந்தது. சோஃபி இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. வெளிச்சம் பட்டால் வாந்தி எடுக்கிறாளாம். அனுப்பியது கீத், அவருடைய நிலையை மூடி மறைத்தது நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலையே கமிட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீத்தை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் என்னை மறித்து, தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "உன்னை நண்பன் என்று நினைத்தேனே" என்றார். சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார்.

நேற்று பெட்ரோல் நிலையத்தில் மறுபடி பார்த்தேன். ஓடி வந்து கட்டிப்பிடித்தார். "மேட், என்னைப் பற்றிக் கமிட்டியிடம் சொன்னது யார் என்று உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.