மூன்று நாள் விடுப்பு

முப்பத்தெட்டு வயதிலேயே எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. என் சினைப்பைகளுக்கு என்னைவிடச் சீக்கிரம் வயதாகிவிட்டதாம். ஐம்பது வயது வரை ஹார்மோன் மாத்திரை போடாவிட்டால் எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை என்றார் தில்லைநகர் டாக்டரம்மா. தலையை ஆட்டிவிட்டு, மருந்துச் சீட்டைக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. பாதி வெட்கம். மீதியையும் ஒப்புக்கொள்கிறேன், அந்த மூன்று நாளை இழக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் தூரமானால் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. கல்யாணமான புதிதில் அதற்காக அழுதவள் நான். ஸ்கூல் வேலையும் வீட்டு வேலையுமாகப் பதினான்கு வருஷம் ஓடியபின், மூலையில் பாயும் புத்தகமுமாக உட்காருவது சொர்க்கமாகிவிட்டது. அதனால் மாதாமாதம் பொய்யாக ஒதுங்கினேன். பேராசை வேறு, ஏகாதசி சாயங்காலமாகப் பார்த்து ஒதுங்குவேன். மறுநாள் துவாதசிக்கு விடியுமுன் அகத்திக்கீரை சமைக்க வேண்டாமே! கூன் விழுந்த மாமியார்தான் அடுப்படியில் நின்றார். நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு சாத்தலாம் போலிருக்கிறது.

ஒன்றரை வருஷம் போனது. ஒருநாள் வாசலில் கோலம் போட்டு எழும்போது கால் இடறிக் கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"இவ்வளவு லேசா விழுந்து உடையக் கூடாதே," என்ற எலும்பு டாக்டர், மாமியாரை வைத்துக்கொண்டே, "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார்.

வலியில் பொய் வரவில்லை. "நின்னு ஒன்றரை வருஷமாச்சு டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தும் நான் போட்டுக்கலை," என்றேன். மாமியாரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்புகையில் ஆட்டோ காவிரிப் பாலம் ஏறியது. "நேக்குத் தெரியும்டி," என்றார் மாமியார். "ஏகாதசி பார்த்துண்டு வர தூரம் லோகத்துல எவளுக்குடி உண்டு?"

"தெரிஞ்சும் ஏம்மா தளிகை பண்ணினேள்?"

"நேக்கும் நாப்பதுக்கு முன்னாடியே நின்னுடுத்து. நானும் நாலு வருஷம் இப்படித்தான் பொய்யா உட்கார்ந்தேன். நீயும் உட்காரட்டுமேன்னு விட்டுட்டேன். மாத்திரை இருக்குன்னு நேக்கு யார் சொன்னா? நோக்குச் சொல்லியும் சாப்பிடாம இருந்திருக்கியேடி, அசடு!"

கிணற்றில் தண்ணீர் சேந்தி வந்த கூன் என்றுதான் அந்த முதுகைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆட்டோவிலேயே அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

மறுநாளே என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். இப்போது நான் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை எதிரிலேயே நிற்கிறார். பதிலுக்கு அவருக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க வைத்தேன். அவருக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். முழுக்க நிமிர முடியாதாம், இனி மேலும் வளையாமல் பார்த்துக்கொள்ளலாமாம். அந்த மட்டும் போதும்.

கைக்கட்டுப் பிரித்த பின் வந்த ஏகாதசி சாயங்காலம், அகத்திக்கீரையை ஆய உட்கார்ந்தேன். கீரைக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு, "போய் உட்காரு," என்றார் மாமியார்.

"நீங்களும் வந்தா உட்கார்றேன்."

கீரைக்கட்டை டிவி பார்த்துக்கொண்டிருந்த தன் மகன் மடியில் வைத்துவிட்டு வந்து, என் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை விரித்தார்.