எலி வருடத்தில் அன்செல்மோ

மலையில் மூங்கில் பூத்த மறுவருடம் அது. ஓர் ஆயுளில் ஒருமுறை பூக்கும் மூங்கில். அன்செல்மோ கட்ரிலெஃபுக்கு ஐம்பத்தொரு வயதாகியும் அதுவரை பார்த்ததில்லை. ஒரே கோடையில் சரிவு முழுக்கப் பூத்து, விதையைக் கொட்டி, வைக்கோல் நிறத்தில் செத்து நின்றது. விதையைத் தின்று எலி பெருகியது. தென்கோளத்தில் குளிர் தட்டத் தொடங்கும் மார்ச் மாதம் விதையும் தீர்ந்துபோக, பசியெடுத்த நீளவால் எலிகள் கூட்டமாக மலையிறங்கின. குறுக்கே ஆறு கிடந்தாலும் நிற்கவில்லை, குதித்து நீந்தின. ஆற்றில் ட்ரவுட் மீன்கள் காத்துக்கிடந்தன. பிடித்துத் தூக்கினால் ஒவ்வொன்றின் வயிறும் நிறைந்த பை மாதிரித் தொங்கியது.

படகோட்டிகளுக்கு நல்ல வருடம்தான். ஆனால் அந்த எலிதான் ஹந்தாக் காய்ச்சலைக் கொண்டுவருவது. அதன் புழுக்கையும் மூத்திரமும் காய்ந்து தூசியாகி மூச்சில் ஏறினால் போதும். முதலில் சாதாரணக் காய்ச்சல், தொடைவலி, இடுப்புவலி. பிறகு ஒரே நாளில் நுரையீரலில் தண்ணீர் கோத்துவிடும். மருந்து கிடையாது. அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தால் காற்றோட விட்டு, குளோரின் கலந்த தண்ணீர் தெளித்து, ஈரம் ஊறியபிறகுதான் கூட்ட வேண்டும் என்று ஊரில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும்.

அன்செல்மோ இளவயதில் ஆட்டு ரோமம் கத்தரித்தான். பிறகு மரமறுக்கும் பட்டறையில் இடதுகைச் சுண்டுவிரலில் பாதியைக் கொடுத்தான். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடமாகப் படகு. மீன்பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களை முன்னால் உட்காரவைத்துத் துடுப்புப் போடுவான். ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது துடுப்பல்ல. தூண்டில் முள்ளில் அவன் கட்டும் போலி எலி. மான்முடியைக் கொத்துக்கொத்தாக முள்ளில் இறுக்கி, விறைத்து நிற்கும் முடியைச் சவரபிளேடால் எலி முதுகு போலச் செதுக்கி, தோல்வாரில் வால் வைப்பான். தண்ணீரில் போட்டால் நீந்துவது போலவே கோடிழுத்துக்கொண்டு வரும்.

ட்ரவுட் எலியை ஒரே வாயில் விழுங்காது. முதலில் வந்து ஓர் அறை அறையும். அது எலியைத் திணறடிக்க. பிறகு கீழே போய், திரும்பி வந்துதான் விழுங்கும். முதல் அறையிலேயே பதறிக் கோலை இழுத்தவனுக்கு மீன் கிடையாது. அதனால் படகில் அன்செல்மோவின் வாயில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: "பொறு!"

அன்று படகில் இருந்தவன் ஃபாபியன், புவெனஸ் ஐரெஸிலிருந்து வந்த வக்கீல். காலையிலிருந்து மூன்று மீன் வந்து அன்செல்மோவின் எலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப்போயின.

"என்ன அன்செல்மோ, உன் எலிக்கு மவுசு குறைஞ்சுபோச்சே! மீனெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகுது."

"எலியில குறையில்ல ஐயா. நீங்க இழுக்கிறதுலதான். மாரடைப்பு வந்த எலி மாதிரி துள்ளுது."

வாய் அப்படிச் சொன்னாலும் மனது உறுத்தியது. வால் குட்டையோ? கரையோர வேரில் ஓர் எலி செத்து ஒதுங்கியிருந்தது. அன்செல்மோ யோசிக்கவில்லை. கைவேலைக்காரனுக்கு அளவு பார்க்கும் வெறி வந்தால் வேறொன்றும் கண்ணில் படாது. எலியை வாலைப் பிடித்துத் தூக்கி உள்ளங்கையில் கிடத்தி, பக்கத்தில் தன் போலி எலியை வைத்தான். நினைத்தபடியே, நிஜ வால் உடம்பைவிட நீளம்.

"அரை விரல் கூட்டணும்" என்றான்.

அந்த நேரத்தில் எலி கண்ணைத் திறந்தது. கட்டைவிரல் அடியில் கடித்துவிட்டு, துள்ளித் தண்ணீரில் விழுந்து நீந்தியது. பத்தடி போவதற்குள் ஒரு மீன் அதை அறைந்தது. பிறகு விழுங்கியது.

ஃபாபியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மீனை ஏமாத்த வந்த உன்னையே எலி ஏமாத்திடுச்சு பாரு!"

அன்செல்மோவும் சிரித்தான். கையிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம் படகுப் பலகையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அவனுக்கு பவுதிலியோ நினைவுக்கு வந்தான். விறகுவண்டி ஓட்டிய பவுதிலியோ ஆறு வருடத்துக்கு முன் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்து நான்காம் நாள் செத்தான். அவன் படுத்த அன்று அவனோடு ஒரே குழலில் மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீரை உறிஞ்சிய கொழுந்தியாள் மூன்று வாரம் கழித்துச் செத்தாள். இந்த மலைப்பக்கத்து ஹந்தா மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். பவுதிலியோவின் மனைவி பிழைத்தாள். ஆனால் அவள் சுட்ட ரொட்டியை யாரும் வாங்கவில்லை. கடைசியில் ஊரைவிட்டே போனாள்.

செவிலி இல்டா ஊர்க்கூட்டத்தில் சொன்னதை அன்செல்மோ நினைத்துப் பார்த்தான். எலி மேலே பட்டால் நாற்பத்தைந்து நாள் கவனிக்கணும். காய்ச்சல் வந்த நாளிலிருந்துதான் அடுத்தவருக்குப் பரவும். காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே வாயைத் திறப்பது, அதுவரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவுசெய்தான்.

ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் மனைவி மிரேயா சுரைக்குடுக்கையில் மாத்தே நிரப்பி, தான் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நீட்டினாள். இருபத்தாறு வருடமாக ஒரே குடுக்கை, ஒரே குழல். அவன் கை நீளவில்லை.

"வேண்டாம் மிரே. வயிறு சரியில்ல."

மறுநாளும் வயிறு சரியில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து தனக்கென்று தனிக் குடுக்கையும் குழலும் வாங்கிவந்தான். நான்காம் நாள் படுக்கையைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அவன் எலி கட்டும் கொட்டகைக்குப் போனான். வீட்டிலிருந்த குளோரின் முழுவதையும் அங்கே கொட்டிக் கழுவி, பொந்துகளை இரும்புநாரால் அடைத்தான். "குறட்டை விடறேன், உன் தூக்கம் கெடுது" என்று காரணம் சொன்னான்.

"இருபத்தாறு வருஷமா விடாத குறட்டையா கிழவா?" மிரேயா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "எவ ஊத்திக் குடுக்குற மாத்தே இப்போ இனிக்குது? பேரச் சொல்லு. அவளுக்கும் உன் குறட்டைய சொல்லிவச்சிடறேன்."

"சும்மா இரு மிரே."

"சும்மாதான் இருக்கேன். தனியாத்தான் இருக்கேன்."

அவனுக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனான்.

கடிபட்ட மறுநாளிலிருந்தே நாளுக்கு ஓர் எலி கட்டிவந்தான். இப்போது வால் சரியான அளவு. கட்டி முடித்ததை அலமாரியில் வரிசையாக வைத்தான். எத்தனை எலியோ அத்தனை நாள். பதினோராம் எலி கட்டும்போது முதுகு வலித்தது. துடுப்புப் போட்ட வலியா, அந்த வலியா என்று விடியும்வரை புரண்டான். பதினான்காம் எலிக்கு மூச்சு வாங்கியது; எழுந்து முற்றத்தைச் சுற்றி ஓடிப்பார்த்தான். ஜன்னலில் மிரேயா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்காதது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மிரேயாவின் தம்பி நோலாஸ்கோவும் படகோட்டிதான். துறையில் வந்து வம்புக்கு இழுத்தான். "மச்சான், அக்கா சொல்லுச்சு. கொட்டகையில எலிங்களோட குடும்பம் நடத்துறீங்களாமே? எப்போ குட்டி போடுவீங்க?"

"தள்ளி நில்லுடா."

"ஏன், கடிச்சிடுவீங்களா?"

அன்செல்மோவின் முகம் போன போக்கைப் பார்த்து நோலாஸ்கோவுக்குச் சிரிப்பு அடங்கியது.

பத்தொன்பதாம் நாள் காலை. எலி முதுகைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது பிளேடு நடுங்கியது. குளிர் என்று நினைத்து அடுப்பில் இரண்டு விறகு வைத்தான். நடுக்கம் நிற்கவில்லை. நெற்றியில் கைவைத்தான்; கையும் சுட்டதால் ஒன்றும் தெரியவில்லை. எழுந்தபோது தொடை இரண்டும் அடித்துப்போட்டது போல வலித்தன.

முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனான். உள்ளே நுழையவில்லை.

"மிரே, அங்கேயே நில்லு. கிட்ட வராத. எனக்குக் காய்ச்சல். பத்தொம்பது நாளைக்கு முன்னாடி எலி கடிச்சிடுச்சு."

மிரேயா கையில் மாவோடு நின்றாள். தனிக்குடுக்கை, கொட்டகை, ஓட்டம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் முகத்தில் வந்து விழுந்தன.

"மடப்பயலே" என்றாள் மெதுவாக. "இல்லவே இல்லாத ஒருத்திய நான் ஊரெல்லாம் தேடிக்கிட்டிருந்தேன்."

சுகாதார நிலையத்தில் இல்டா அவனைத் தனியறையில் போட்டாள். கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு வந்து ரத்தம் எடுத்தாள். அது நகரத்துக்குப் போய் முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றாள். அந்த நான்கு நாளும் அவன் தன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தான். உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அடுத்தது வருமா? பவுதிலியோ செத்தது நான்காம் நாள். தினமும் மூன்று மணிக்கு மிரேயா கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்து உட்காருவாள். வெளியே அவள் ஒரு குடுக்கை, உள்ளே அவன் ஒரு குடுக்கை.

"எப்படி இருக்கு கிழவா?"

"மூச்சு வருது."

"வரட்டும். நிறுத்திடாத."

நான்காம் நாள் மத்தியானம் இல்டா முகமூடி இல்லாமல் உள்ளே வந்தாள். அதைப் பார்த்ததுமே அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"சாதாரண ஃப்ளூ. எலி கடிச்சத அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா நானே கண்காணிச்சிருப்பேன். இத்தனை நாள் ஏன் தனியா கெடந்து செத்தீங்க? மிச்ச நாளும் தினமும் வந்து காய்ச்சல் பாத்துக்கணும், தெரியுதா? ஆனா என்னைக் கேட்டா, தப்பிச்சீங்க."

முதல் அறையோடு போய்விட்டது, விழுங்கத் திரும்பி வரவில்லை என்று நினைத்துக்கொண்டான். ஆற்றோரமாக நடந்தே வீட்டுக்குப் போனான். இலையுதிர்காலத்துப் பாப்லர் மரங்கள் மஞ்சளாக நின்றன. காற்றை நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டான்.

மிரேயா முற்றத்திலேயே காத்திருந்தாள். அவனைக் கட்டிக்கொண்டாள். பிறகு கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப்போனாள்.

"வா, பாரு. உன்ன சந்தேகப்பட்டதுக்கு அபராதம்."

கொட்டகை கண்ணாடி போல இருந்தது. மான்முடி நிறவாரியாகப் பிரித்துப் பெட்டியில் இருந்தது. அலமாரியில் பதினெட்டு எலியும், அரைகுறையாக நின்றுபோன பத்தொன்பதாவதும் அளவெடுத்தது போல வரிசையில் இருந்தன. மூலையில் விளக்குமாறு சாய்ந்திருந்தது. அதன் நுனி காய்ந்து, சாம்பல்நிறத் தூசி படிந்து இருந்தது.

"எப்போ கூட்டின?"

"நேத்து. நீ இல்லாத மூணு நாள்ல எலி எங்கேயோ பொந்து போட்டு உள்ள வந்துடுச்சு. புழுக்கை மட்டும் ரெண்டு முறம் அள்ளினேன்."

"குளோரின்?"

"நீதான் எல்லாத்தையும் ஊத்திட்டியே. கடையிலயும் தீந்துபோச்சு."

"ஜன்னல்?"

"சாத்திக்கிட்டுத்தான் கூட்டினேன். இல்லன்னா உன் மான்முடியெல்லாம் பறந்து..."

அங்கேயே நிறுத்தினாள். விளக்குமாறைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற தவிப்பில், ஊரில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும் விஷயம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"மூச்சப் புடிச்சுக்கிட்டுதான் கூட்டினேன் கிழவா" என்றாள்.

"எவ்வளவு நேரம் கூட்டின?"

"ரெண்டு மணி நேரம்."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தான். நாளைக் காலையில் இல்டாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது, நாற்பத்தைந்து நாள் என்றான். அவள் தலையாட்டினாள். வெந்நீர் வைத்தாள். அவன் திரும்பக் கொண்டுவந்திருந்த தனிக்குடுக்கையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இனிமே இது உனக்கு. அது எனக்கு."

அன்செல்மோ தனிக்குடுக்கையை எடுத்து அலமாரியில் தூக்கி வைத்தான்.

"காய்ச்சல் வந்தா அன்னிக்கு எடுத்துக்கலாம். அதுவரைக்கும் ஒண்ணு போதும்."

"பைத்தியமா உனக்கு?"

"ஊத்து மிரே."

அவள் ஊற்றினாள். முதல் வாய் அவள் உறிஞ்சினாள். குழலைத் துடைக்கப் போனாள். அவன் அப்படியே வாங்கிக்கொண்டான். மாத்தே நாக்கைச் சுட்டது, கசந்தது. குடித்து முடித்துக் குடுக்கையை அவளிடம் நீட்டினான்.

கீழே ஆற்றில் ஏதோ ஒரு மீன் தண்ணீரை அறைந்த சத்தம் கேட்டது. மிரேயா குடுக்கையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அன்செல்மோ தன்னையறியாமல் எண்ணினான். ஒன்று. இரண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், இரண்டாவது சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.