ஆச்சிப்பிள்ளை போட்ட வாய்க்கட்டு

என் பெயர் அருமைநாயகம். எங்கள் ஊருக்கு வந்து இந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். ஊமையன் வீடு எது என்று கேளுங்கள், நாய்கூடக் கூட்டிக்கொண்டு வந்து விடும். வயல் வட்டைக்குள் நின்று நான் கூப்பிட்டால் அடுத்த வட்டையில் மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும். அப்படிக் குரல் உள்ளவனுக்கு ஊமையன் என்று பேர். எனக்குக் கலியாணம் பேசப் போன இடத்தில் பெண்ணின் தாய், "மாப்பிள்ளை இப்ப முழுசாக் கதைக்கிறாரோ?" என்று என் முகத்துக்கு முன்னாலேயே கேட்டார். இதெல்லாம் என் அம்மம்மா ஆச்சிப்பிள்ளை செய்த வேலை. ஐம்பதை எட்டிவிட்டேன், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அப்படியானவரைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்டால், அவரைப் போல ஒரு மனுசியை நான் பிறகு காணவில்லை. வேறு காரணம் இல்லை.

நாங்கள் படுவான்கரைச் சனம். வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம். கிழக்குப் பக்கம் எழுவான்கரை, நகரமும் கடைகளும் அங்கே. அம்மம்மாவுக்கு எருமைகள் இருந்தன. தயிரைச் சட்டிகளில் உறைய வைத்து, வாவியைக் கடந்து போய்க் கடைகளுக்குக் கொடுப்பார். என் அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. என்னை வளர்த்தது அம்மம்மாவும் அவருடைய ஒரே மகன் நல்லரத்தினம் மாமாவும்.

மாமாவின் வாய் பெரிய வாய். கூத்தில் கட்டியகாரனாக வந்தால் சனம் ராசாவை மறந்துவிட்டு அவரைத்தான் பார்க்கும். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் கோயில் வெளியில் வரிசையாக இருத்தினார்கள். மற்றவர்கள் கேட்டதற்கு ஓம், இல்லை என்று தலையை ஆட்ட, மாமா மட்டும் அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொன்னார், பகிடியும் விட்டார். ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, இவனுக்கு நிறையத் தெரியும் போலிருக்கிறது, இவன் வரட்டும் என்றார்கள். போனவர் போனவர்தான்.

அம்மம்மா முகாம் முகாமாக அலைந்தார். அலைந்து ஓய்ந்த ஒரு நாள் எருமைக்கட்டில் நின்று சொன்னார். "மூஞ்சியைப் பார்த்துப் பிடிக்கல்ல மனே. வாயைப் பார்த்துத்தான் என்ட புள்ளையைப் பிடிச்சவனுகள்." அதற்குப் பிறகு அவர் மாமாவைப் பற்றி அழுததை நான் காணவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டுவிட்டு அவரோடு தயிர்ச் சட்டி சுமந்துகொண்டிருந்தேன்.

வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் 'பாதை' என்று பேர். பாதையில் ஏறுகிற துறையடியில் ஆமிச் சென்றி, காவல் நிலை. அங்கே மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொடியனும் நிற்பான். ஒரு காலை, ஆமிக்காரன் என்னைப் பார்த்து, "பேர் மொக்கத?" என்று சிங்களத்தில் பேர் கேட்டான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் அம்மம்மா முந்திக்கொண்டார்.

"அவனுக்குக் கதைக்க ஒண்ணா ஐயா. வாய்க்கட்டு."

மந்திரம் போட்டு ஒருவனின் பேச்சைக் கட்டிவிடுவதுதான் வாய்க்கட்டு. மட்டக்களப்பில் இதை ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தமிழ்ப் பொடியன் ஆமிக்காரனுக்குக் கையால் காட்டி விளங்கப்படுத்தினான். ஆமிக்காரன் சிரிக்கவில்லை. என்னைவிட்டு ஒரு எட்டுப் பின்னுக்குப் போய்க் கையை அசைத்தான். போகச் சொல்கிறானாம்.

பாதை கரையை விட்டுப் போன பிறகு மெல்லக் கேட்டேன். "என்னத்துக்கு அம்மம்மா அப்படிச் சொன்ன நீங்க?"

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே, "வாயைப் பொத்து. இண்டையிலிருந்து நீ ஊமை," என்றார்.

"எத்தினை நாளைக்கு?"

"சண்டை முடியுமட்டும்."

துறையடியில் மட்டும் நடித்தால் போதும் என்று நான் நினைத்தேன். அம்மம்மா விடவில்லை. ஊரில் ஒரு வாய்க்குத் தெரிந்தால் சென்றிக்குத் தெரிந்த மாதிரி என்றார். வீட்டுக்குள்ளும் பேச்சில்லை, ஓலைக் கிடுகு வேலிக்குக் காது உண்டு. எங்கள் இரண்டு பேருக்குமாக அவரே கதைத்தார். சோறு போட்டுவிட்டு, "கறி எப்பிடி மனே? உப்புக் கூடவோ? ஓம், கூடத்தான். நாளைக்குக் குறைப்பம்," என்று கேள்வியும் பதிலும் தானே சொல்லிக்கொள்வார். உப்பு மறுநாளும் குறையாது. சண்டை பிடிக்கவும் எனக்கு வாயில்லை.

ஊர் இதை ஒரே விழுங்காக விழுங்கியது. கட்டினது யார் என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. பழி வைத்தியமும் மந்திரமும் செய்கிற கனகசிங்கம் பரிகாரியின் தலையில் விழுந்தது. மனுசன் முதலில், "நான் ஏன் பச்சைப் பொடியனுக்குக் கட்டுறன்?" என்று கோபித்தார். பிறகு கடைக்குப் போனால் வாங்கில் இருந்த இளவட்டங்கள் எழும்பி இடம் விடுவதைக் கண்டார். மறுப்பதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுப் புஸ்பம் மாமி அவரிடம் போய், "அண்ணன், தாய் தகப்பன் இல்லாத மாதிரி வளருற புள்ள, அவிட்டு விடுங்க," என்று கெஞ்ச, பரிகாரி தாடியைத் தடவிக்கொண்டு, "கட்டினவனுக்குத்தான் தெரியும் புஸ்பம், அவிழ்க்கிற நேரம்," என்றாராம்.

என் கூட்டாளிகளுக்கு மட்டும் சந்தேகம். முசுற்று எறும்புக் கூட்டைப் பிய்த்து என் சேட்டுக்குள் கொட்டினார்கள். முசுறு கடித்தால் கல்லும் பேசும். நான் ஊரைச் சுற்றி ஓடிக் கத்தினேன். கத்தினதில் ஒரு சொல்லும் இல்லை. அன்றைக்கு அம்மம்மா என் முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே, "நீ என்ட பேரன்தான்," என்றார்.

இரவில் காட்டுப் பக்கமிருந்து வந்த இயக்கத்துப் பொடியன்களும் வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்ல ஏலாதவனை வைத்து என்ன செய்வது என்று போய்விட்டார்கள். ஒரு பொய், இரண்டு பக்கமும் வேலி.

அந்த வேலியில் ஓட்டை விழுந்த நாள் ஒன்று வந்தது. துறையடியில் லொறி நின்றது. மேலே ஏற்கெனவே சில பொடியன்கள், கை கட்டியபடி. தமிழ்ப் பொடியன் எங்களை மறித்தான்.

"ஆச்சி, உன்ட பேரன் வட்டைக்குள்ள எருமைய ஏசினானாம். கேட்ட ஆள் இரிக்கி."

நான் எந்த எருமையையும் ஏசவில்லை. எவனோ கோள் சொல்லியிருக்கிறான். ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை.

"எருமைய ஏசினது நான்," என்றார் அம்மம்மா. "என்ட குரல் ஆம்பிளைக் குரல்தானே."

அவன் சிரிக்கவில்லை. "பகிடி வேணாம் ஆச்சி. அம்மாள்ட பேரைச் சொல்லிக் கற்பூரத்தை அணை. மறுகா பேரனைக் கூட்டிக்கொண்டு போ. இல்லாட்டி இவன் லொறியில ஏறட்டும்."

வெளியூர் ஆமிக்காரனுக்கு இந்த யோசனை வந்திருக்காது. இவன் நம்முடைய ஆள். கோர்ட்டில் சத்தியம் பண்ணிப் பொய் சொல்கிறவனும் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மாளின் பேரில் கற்பூரம் அணைத்துப் பொய் சொல்லமாட்டான். வருசம் முழுக்கச் சாத்திக் கிடந்து வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கிற தெய்வம். அந்தச் சடங்கில் அம்மாளைக் குளிர்விக்கப் பெண்கள் பாடுவார்கள். முன்வரிசைப் பாட்டுக்காரி என் அம்மம்மா. ஒரு சடங்கும் தவறவிட்டதில்லை.

அந்தப் பொடியன் துறையடிப் பிள்ளையாரிடமிருந்து கற்பூரம் எடுத்து, ஓட்டுத் துண்டில் வைத்துக் கொளுத்தினான். அம்மம்மா தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்தார். வாவியில் கை கால் கழுவினார். கொண்டையை இறுக்கிக் கட்டினார். ஒரு அவசரமும் இல்லை. லொறியோ எதுவோ, வேணாம் அம்மம்மா என்று கத்திவிடுவோம் என நான் வாயைத் திறக்க, அவருடைய குதிக்கால் என் பெருவிரலில் ஏறியது. எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அம்மாளே, இவன் கதைச்சா என்ட ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்."

சொல்லிவிட்டு நெருப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் உடனே எடுக்கவில்லை. அந்தப் பொடியன்தான் முதலில் பார்வையைத் திருப்பினான். "போ ஆச்சி, போ," என்றான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

பாதையில் ஏறியதும் அவர் ஒரு சட்டியின் மூடியை எடுத்துக் கையைத் தயிருக்குள் புதைத்தார். கரை வந்ததும் வெளியே எடுத்தார். "இதை விக்க ஒண்ணா. நீ குடி," என்றார். குடித்தேன்.

அடுத்த வைகாசிக்கு அம்மாளின் கதவு திறந்தது. அம்மம்மா கோயிலுக்கு வந்தார், ஆனால் உள்ளே போகவில்லை. வீதிக்கு இந்தப் பக்கம் புளிய மரத்தோடு நின்றார். புஸ்பம் மாமி ஓடிவந்து, "என்னகா, பாட்டுக்கு ஆள் தேடுறாங்க," என்றார். முழங்கால் உளைவு, உள்ளே இருக்க ஏலாது என்றார் அம்மம்மா. அந்த முழங்காலோடு அன்று விடியவே தயிர் சுமந்தவர். உள்ளே பெண்கள் பாட, இங்கே அவருடைய உதடு மட்டும் அசைந்தது. அதற்குப் பிறகு எந்த வருசமும் அவர் அந்த வாசலை மிதிக்கவில்லை.

துறையடி முகாம் எழும்பிப் போய், தேடுதலும் கொஞ்சம் தணிந்த காலத்தில் ஒரு நாள் என்னைத் தோணியில் ஏற்றி வாவி நடுவுக்குக் கொண்டுபோனார். சுற்றிவரத் தண்ணீர், ஒரு குருவி இல்லை.

"இப்ப கதை பாப்பம்."

தவளைச் சத்தம்தான் வந்தது. அம்மம்மா வெற்றிலை வாயிலிருந்து விழுமட்டும் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். சேர்த்து வைத்திருந்த ஏச்சு முழுவதையும் அவர்மேல் கொட்டினேன். கறி உப்பிலிருந்து முசுறு வரைக்கும் ஏசினேன். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னும் கிடக்கா?"

"கிடக்கு."

"ஏசு."

ஊருக்கு ஒரு காரணம் வேண்டுமே. கனகசிங்கம் பரிகாரியிடம் போய்க் கட்டை அவிழ்க்கத் தேசிக்காய் வெட்டினோம். மறுநாள் எனக்குப் பேச்சு வந்தது. பரிகாரிதான் அதிகம் திடுக்கிட்டார். ஒரு சட்டித் தயிர் அவருக்குக் கூலி.

பிறகு எனக்குக் கலியாணம், பிள்ளைகள். சண்டை நின்றது, தொடங்கியது, நின்றது. அம்மம்மாவின் கண்ணில் மெல்ல வெள்ளை படர்ந்தது. நகரத்துக்குக் கூட்டிப் போனேன். இது வயதுக்கு எல்லாருக்கும் வருவது, சின்னக் கீறல், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் டொக்டர். அம்மம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

வழி முழுக்கச் சண்டை பிடித்தேன். "அது வெண்படலம் அம்மம்மா. அம்மாளும் இல்லை, சத்தியமும் இல்லை. புஸ்பம் மாமிக்கும் வந்தது. அவ என்ன சத்தியம் பண்ணினவ?"

"அது புஸ்பத்துக்கு வெண்படலம்."

"உங்களுக்கு என்ன?"

"நான் குடுத்தது. குடுத்ததைத் திருப்பி வாங்க ஒண்ணா மனே. கண்ணை வாங்கினா, அம்மாள் உன்ட வாயைக் கேப்பா."

இரண்டு கண்ணும் முழுக்கப் போன பிறகும் கையால் தடவிப் பால் கறந்தார். நான் எருமையை ஏசுகிற சத்தம் கேட்டால், வேலையை நிறுத்திவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பார். முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சங்கீதம் கேட்கிற மாதிரிக் கேட்பார்.

கடைசியில் எங்கள் பக்கம் ஷெல் விழத் தொடங்கி, சனம் முழுவதும் எழுவான்கரைக்குக் கடந்தது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் போட்டு அவரைக் கிடத்தியிருந்தோம். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பின்னேரம் என் கையைத் தடவிப் பிடித்தார். அந்த உள்ளங்கையில் ரேகை இல்லை.

"வைகாசிக்குக் கதவு திறப்பாங்களோ மனே?"

"சனம் திரும்பிப் போனாத் திறப்பாங்க."

"திறந்தா நீ போ. புளிய மரத்தடியில நிக்காத, உள்ளுக்குப் போ. போய், ஆச்சிப்பிள்ளை பொய்ச் சத்தியம் பண்ணினவதான், ரெண்டு கண்ணையும் தந்துபோட்டா, இனி என்ட வாயில உனக்குப் பங்கில்லை எண்டு அம்மாளுக்குச் சொல்லு."

"மனசுக்குள்ள சொன்னாக் காணுந்தானே?"

"காணாது. வாய் திறந்து சொல்லு, ஊர் கேக்கட்டும். மெல்லவும் சொல்லாத. கதவு திறக்கக்குள்ள பறைமேளம் அடிப்பாங்க, அவவுக்குக் கேளாமப் போயிரும்."